முன்னிலை எந்த ஆட்டத்தில் நிலைக்கும்? ஜூலை 8–14 வாரத்தை வைத்து ஒரு விவாதம்

புல்தரை | 15 ஜூலை 2024

டென்னிஸ், கோல்ஃப், கால்பந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்த ஒரு வாரம் நேற்றோடு முடிந்தது. விம்பிள்டனின் இரண்டாம் வாரம், ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையான யூரோவின் அரையிறுதிகளும் இறுதியும், தென் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பையான கோபா அமெரிக்காவின் கடைசிக் கட்டம், இடையில் கோல்ஃபில் ஸ்காட்டிஷ் ஓபன். எல்லாமே ஒரே வாரத்துக்குள் வந்து குவிவது அரிது. முடிவுகள் எல்லோருக்கும் தெரியும். வாரம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி வேறு. ஒருவர் முந்திவிட்டார் என்றால், எந்த ஆட்டத்தில் அந்த முன்னிலையை நம்பி நிம்மதியாக உட்காரலாம்?

நேற்றைய விம்பிள்டன் இறுதியையே எடுத்துக்கொள்வோம். அல்கராஸ் முதல் இரண்டு செட்டையும் 6-2, 6-2 என்று வென்றுவிட்டார். ஜோகோவிச் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. மூன்றாம் செட்டில் 5-4, அல்கராஸ் சர்வ், 40-0. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதாவது ஒன்றை வென்றாலே கோப்பை. மூன்றும் போயின, பின்னாலேயே அந்த கேமும் போனது. இரண்டு செட், எதிராளியின் சர்வை முறித்த ஒரு பிரேக், மூன்று பாயிண்ட் என்று இவ்வளவு முன்னால் நின்றும் ஆட்டம் முடிய மறுத்தது. கடைசியில் 6-6 ஆனதும் ஆடும் டைபிரேக்கை 7-4 என எடுத்துத்தான் கோப்பையைத் தொட்டார்.

டென்னிஸில் கடைசிப் பாயிண்டை நீங்களே ஆடி வென்றாக வேண்டும். பந்தைக் கார்னர் கொடிப் பக்கம் கொண்டுபோய் நேரத்தைக் கரைக்க முடியாது. எதிராளி ஒரு பாயிண்ட் தூரத்தில் தோற்க நின்றாலும், கணக்குப்படி அவருக்கு எல்லா வழியும் திறந்தே இருக்கிறது. அதனால் மூன்றிலும் மிகக் குறைவாக நம்பத்தக்கது டென்னிஸ் முன்னிலைதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

இடதுவிங் | 15 ஜூலை 2024

மறுக்கத்தான் வந்திருக்கேன் அண்ணே. கால்பந்துல கடிகாரம் காப்பாத்தும்னு சொல்றீங்க. பெர்லின்ல நேத்து ராத்திரி ஸ்பெயின்–இங்கிலாந்து யூரோ இறுதியில என்ன நடந்துச்சு? 47வது நிமிஷம் யமால் பந்து கொடுக்க நிகோ வில்லியம்ஸ் அடிச்சார். ஸ்பெயின் 1-0. ரோட்ரி காயத்தால இடைவேளையிலேயே வெளிய போயாச்சு, ஆனாலும் ஆட்டம் ஸ்பெயின் கையிலதான். இங்கிலாந்தோட பால்மர் உள்ள வந்து சில நிமிஷத்துல அடிச்சார், 73ல 1-1. அவ்வளவு நேரம் கட்டிக் காப்பாத்தினது ஒரே உதையில போச்சு.

86ல குக்குரேயா குறுக்கே தள்ளினதை ஓயார்சபால் முடிச்சார். சரி, கடிகாரம் காப்பாத்துச்சா? 90வது நிமிஷ வாக்குல கார்னர். ரைஸ் தலையால அடிச்சதை உனாய் சிமோன் தடுத்தார், திரும்பி வந்ததை கேஹி தலையால அடிச்சார். ஓல்மோ கோட்டு மேல நின்னு தலையாலயே வெளிய தள்ளினார். அவர் அங்க நிக்கலைன்னா கூடுதல் நேரம்தான்.

டென்னிஸ்ல முன்னிலையை இழக்க வரிசையா பல பாயிண்ட் தோக்கணும். கால்பந்துல ஒரே ஒரு தடவை கண் அசந்தா போதும். 1-0ங்கறதுதான் விளையாட்டு உலகத்துலயே மெல்லிசான முன்னிலை.

கடைசிக்குழி | 15 ஜூலை 2024

இரண்டு பேரும் எதிராளி இருக்கும் ஆட்டங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கோல்ஃபில் முன்னால் இருப்பவரைத் தடுக்க யாரும் இல்லை. அவர் பந்தை யாரும் தொடுவதில்லை, அவர் மேல் யாரும் சர்வ் போடுவதில்லை. அப்படியிருந்தும் முன்னிலை கரைகிறது. அது கரையும்போது பழியைப் போட ஆளே இருக்காது. அதனால்தான் கோல்ஃபில் தோற்றவரின் முகத்தைப் பார்ப்பது மற்ற இரண்டையும்விடக் கடினமாக இருக்கிறது.

ஒரு மாதம் முன்னால் பைன்ஹர்ஸ்டில் நடந்த யு.எஸ். ஓபன் நினைவிருக்கிறதா? ஐந்து குழிகள் மீதம் இருக்கும்போது ரோரி மெக்கில்ராய்க்கு இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலை (ஸ்ட்ரோக் என்பது ஒரு அடி; குறைவாக அடித்தவரே வெல்வார்). 16ஆம் குழியில் ஒரு மீட்டர்கூட இல்லாத பட்டைத் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) தவறவிட்டார். அந்தப் பருவத்தில் அதுவரை 3 அடிக்கு உள்ளிருந்து அடித்த 496 பட்டில் 496ஐயும் போட்டிருந்தவர் அவர். 18இல் இன்னொரு சின்னப் பட்டும் போனது. டிஷாம்போ ஒரே ஸ்ட்ரோக்கில் வென்றார்.

முன்னிலை என்ற பேச்சு வந்தால் கார்னூஸ்டியைச் சொல்லாமல் விட முடியாது. 1999 பிரிட்டிஷ் ஓபன், கடைசிக் குழி. பிரான்ஸின் ஜான் வான் டி வெல்டுக்கு மூன்று ஸ்ட்ரோக் முன்னிலை. ஆறு அடித்தாலே கோப்பை. இரண்டாவது அடி பார்வையாளர் மாடத்துக் கம்பியில் பட்டு, ஓடைச் சுவரில் மோதிப் பின்னால் எகிறி, அடர்ந்த புல்லில் விழுந்தது. மூன்றாவது அடி நேராக ஓடைக்குள். காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்று, அங்கிருந்தே அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏழு. சமநிலையைத் தீர்க்கும் பிளேஆஃபில் பால் லாரி வென்றார். லாரி அந்த நாளைத் தொடங்கியபோது பத்து ஸ்ட்ரோக் பின்னால் இருந்தவர்!

எல்லோரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. அந்த ஏழாவது அடி சில அடி தூரத்துப் பட். அதை அவர் உள்ளே போட்டார். போடாமல் இருந்திருந்தால் பிளேஆஃபே கிடையாது. அத்தனை சரிந்த பிறகும் அந்தப் பட்டை உள்ளே போட்ட மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

ராக்கெட்ஒலி | 16 ஜூலை 2024

புல்தரை சொன்னதற்கு என் ஓட்டு. ஆனால் அல்கராஸை வைத்து அல்ல. அவர் சற்றுத் தடுமாறினார், மீண்டார், வென்றார். இந்த விம்பிள்டனில் முன்னிலையைப் பற்றிய உண்மையான கதை சனிக்கிழமை பெண்கள் இறுதியில் இருந்தது.

அதை வென்ற கிரெய்சிகோவாவுக்கு வழிகாட்டியாக இருந்தவர் முன்னாள் வீராங்கனை யானா நோவோட்னா. நோவோட்னாவின் 1993 இறுதியைப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் வலிக்கும். மூன்றாவது செட்டில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக 4-1. தன் சர்வில் 40-30. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் 5-1. அங்கே டபுள் ஃபால்ட். அதன்பிறகு ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. தொடர்ந்து ஐந்து கேம் கிராஃபுக்கு, 6-4. பரிசளிப்பில் கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுதார். 1997 இறுதியில் ஹிங்கிஸிடம் மறுபடி தோற்று, 1998இல் ஒருவழியாக வென்றார். 2017இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 49.

ஜூனியர் ஆட்டங்கள் முடிந்து அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற காலத்தில், கிரெய்சிகோவா பெற்றோருடன் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நோவோட்னாவின் வீட்டு வாசலுக்கே போனவர். அங்கிருந்து தொடங்கியதுதான் அந்தப் பிணைப்பு.

இப்போது இந்தச் சனிக்கிழமை. பாவோலினியோடு 6-2, 2-6, பிறகு மூன்றாவது செட்டில் 5-4, தன் சர்வ். நோவோட்னா வழுக்கிய அதே பாறை. பிரேக் பாயிண்ட் வந்தது, காப்பாற்றினார். சாம்பியன்ஷிப் பாயிண்ட் வந்தது, நழுவியது. மூன்றாவது வாய்ப்பில் முடித்தார். பிறகு வெற்றியாளர் பலகையில் நோவோட்னாவின் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரும் ஏறியிருப்பதைக் கண்டு உடைந்து அழுதார். நானும் அழுதேன்.

பாவோலினியையும் விட்டுவிடக் கூடாது. இந்த ஆண்டுக்கு முன் விம்பிள்டன் முதன்மைச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. வியாழக்கிழமை வெகிச்சோடு 2-6, 6-4, 7-6, கடைசி டைபிரேக் 10-8, மொத்தம் 2 மணி 51 நிமிடம். விம்பிள்டன் வரலாற்றில் இதைவிட நீண்ட பெண்கள் அரையிறுதி கிடையாது. வெகிச் கைவலியோடு அழுதுகொண்டே ஆடினார். அதன் மறு ஒளிபரப்பு கிடைத்தால் மூன்றாவது செட்டையாவது முழுக்கப் பாருங்கள்.

புதுவரவு | 16 ஜூலை 2024

வணக்கம். கால்பந்து மட்டும் பார்க்கிறவன். கடைசிக்குழி ஐயா, ஞாயிறு அன்று முதல்முறையாக ஸ்காட்டிஷ் ஓபன் முடிவுப் பகுதியைப் பார்த்தேன். 16ஆம் குழியில் மெக்கின்டயர் புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஏதோ தண்ணீர் தெளிக்கும் மூடி இருக்கிறது என்றார்கள், பந்தை எடுத்து வேறு இடத்தில் போட அனுமதித்தார்கள். அங்கிருந்து அடித்து ஈகிள், அதாவது அந்தக் குழிக்கு விதித்த அடிகளைவிட இரண்டு குறைவு என்றார்கள். இது நியாயமா? கால்பந்தில் இப்படி நடந்திருந்தால் ஒரு வாரம் சண்டை நடந்திருக்கும்.

கடைசிக்குழி | 16 ஜூலை 2024

நல்ல கேள்வி, வரவேற்கிறேன். மைதானத்தில் மனிதர் பதித்து வைத்த, எளிதில் நகர்த்த முடியாத பொருள் பந்துக்கோ, நீங்கள் நிற்கும் நிலைக்கோ, கம்பை வீசுவதற்கோ இடைஞ்சலாக இருந்தால், தண்டனை ஸ்ட்ரோக் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். இடைஞ்சல் தீரும் மிக அருகான இடத்தைக் குறித்து, அதிலிருந்து ஒரு கம்பின் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் பந்தைப் போட வேண்டும். அந்த இடம் மோசமாக இருந்தால் மோசமான இடத்தில்தான் போட வேண்டும். அவருக்கு நல்ல இடம் அமைந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். விதிமீறல் என்று சொல்லாதீர்கள். அதன்பிறகு பந்தைக் குழிக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது மூடியின் வேலை அல்ல.

முன்கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். சென்ற ஆண்டு இதே மைதானத்தில் மெக்கின்டயர் முன்னால் முடித்துவிட்டுக் காத்திருந்தார். மெக்கில்ராய் கடைசி இரண்டு குழியிலும் பேர்டி (விதித்ததைவிட ஒரு அடி குறைவு) அடித்துக் கோப்பையைப் பறித்தார். கோல்ஃபில் மட்டும் உள்ள கொடுமை இது. முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் தன் முன்னிலையைக் காக்க எதுவும் செய்ய முடியாது. இந்த ஆண்டு கடைசிக் குழியில் 20 அடிக்கு மேல் நீண்ட பட்டை உள்ளே போட்டு, 18 அண்டரில் (விதித்த மொத்த அடிகளைவிட 18 குறைவு), ஆடம் ஸ்காட்டை ஒரு ஸ்ட்ரோக்கில் தாண்டினார். 1999இல் மாண்ட்கோமரிக்குப் பிறகு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஸ்காட்டிஷ் ஓபன் வென்றது இப்போதுதான். அந்தப் பட் விழுந்ததும் அவர் கத்திய கத்தலைப் பார்த்தீர்கள் அல்லவா?

புதுவரவு | 16 ஜூலை 2024

பார்த்தேன். கோல் அடித்தவர் கத்துகிற மாதிரியே இருந்தது. விளக்கத்துக்கு நன்றி ஐயா. நீங்கள் கோல்ஃப் பார்க்கத் தொடங்கியது எப்படி?

கடைசிக்குழி | 16 ஜூலை 2024

2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக். மூன்றாம் சுற்று முடிவில் தனியாக இரண்டாம் இடம். கடைசி நாளில் நெல்லி கோர்டா 17 அண்டர், மோனே இனாமியும் லிடியா கோவும் 16, அதிதி 15. ஒரே ஸ்ட்ரோக்கில் பதக்கம் போய் நான்காம் இடம். அவர் அடிக்கும் தூரம் போட்டியிலேயே குறைவானவற்றில் ஒன்று. பட்டை வைத்தே நான்கு நாளும் தாக்குப்பிடித்தார். முந்நூறு கெஜம் பறக்கும் அடியும் ஒரு ஸ்ட்ரோக், ஒரு அங்குலம் உருளும் பட்டும் ஒரு ஸ்ட்ரோக் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

புல்தரை | 17 ஜூலை 2024

கடைசிக்குழி, என் பக்கத்துக்கு நீங்களே பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். கோல்ஃபில் எல்லா ஸ்ட்ரோக்குக்கும் ஒரே மதிப்பு. முதல் நாள் காலையில் சேமித்த ஒன்று கடைசி நாள் மாலையிலும் உங்கள் கணக்கில் இருக்கும். டென்னிஸில் அப்படி எதுவும் சேர்வதில்லை. 6-0 என வென்ற செட்டும் 7-6 என வென்ற செட்டும் ஒன்றுதான். செட் முடிந்ததும் எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

2019 விம்பிள்டன் இறுதி, அதுவும் ஜூலை 14தான். லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி நடந்த அதே நாள். ஃபெடரர் எடுத்தது 218 பாயிண்ட், ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, ஃபெடரர் சர்வ். இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் போய், 4 மணி 57 நிமிடத்துக்குப் பிறகு 13-12இல் ஜோகோவிச் வென்றார். 14 பாயிண்ட் அதிகம் எடுத்தவர் தோற்றுவிட்டார். கோல்ஃபில் ஒரு ஸ்ட்ரோக் குறைவாக அடித்தவர் தோற்க வழியே இல்லை. முன்னிலை என்ற ஒன்றையே டென்னிஸ் உங்கள் கையில் தருவதில்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

இடதுவிங் | 17 ஜூலை 2024

அந்த 218 கணக்கு எங்க ஆட்டத்துலயும் தினசரி நடக்கும் அண்ணே. பந்து பூரா ஒரு அணி கால்ல, கோல் இன்னொரு அணிக்கு. 2004 யூரோல கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூணுமே 1-0. போர்ச்சுகல் சொந்த மண்ணுல அழுதுச்சு. ஆனா அந்தக் கிரீஸ்தான் நான் சொல்றதுக்கு எதிர் உதாரணமும்கூட, அதையும் நேர்மையா சொல்லிடறேன். தடுக்கத் தெரிஞ்ச அணி கையில 1-0 கல்லு மாதிரி நிக்கும். ஸ்பெயின் அப்படிப்பட்ட அணி இல்ல, அவங்க முன்னால போனாலும் முன்னாலயே ஓடுவாங்க. ஏழு ஆட்டத்துலயும் ஜெயிச்சு கோப்பை எடுத்ததுக்கு அதான் காரணம்னு நினைக்கிறேன்.

அந்த வாரத்துல எனக்கு உயிர்போய் வந்தது புதன்கிழமை நடந்த இங்கிலாந்து–நெதர்லாந்து யூரோ அரையிறுதிதான். நெதர்லாந்து 7வது நிமிஷம் சிமோன்ஸால முன்னால, கேன் பெனால்டி 18ல. அப்புறம் 1-1லயே கிடந்துச்சு. 81ல வாட்கின்ஸ் உள்ள வந்தார். 90 நிமிஷம் முடிஞ்ச கையோட பால்மர் குடுத்த பந்தை முதுகுல தடுப்பாளரை வச்சுக்கிட்டே திரும்பி, மூலைக்கு அடிச்சார். திருப்பி அடிக்க நெதர்லாந்துக்கு நேரமே இல்ல. கடிகாரம் முன்னிலையைக் காப்பாத்தறது உண்மைதான், ஆனா அது கடைசி நிமிஷத்துல கோல் போட்டவனுக்குத்தான் நண்பன்.

மயாமியில கோபா இறுதி ஒரு மணி நேரத்துக்கு மேல தாமதமாத்தான் ஆரம்பிச்சுது, மெஸ்ஸி காயத்தோட வெளிய போய் பெஞ்ச்ல அழுதார், 112வது நிமிஷம் அர்ஜென்டினாவுக்கு லௌதாரோ கோல் போட்டார். டி மரியாவுக்கு அர்ஜென்டினா சட்டையில அதுதான் கடைசி ஆட்டம். அவரைப் பத்தித் தனி இழையே போடணும்.

ராக்கெட்ஒலி | 18 ஜூலை 2024

போடுங்கள், வருகிறேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதி, 2021 கோபா இறுதி, 2022 உலகக் கோப்பை இறுதி மூன்றிலும் கோல் போட்ட மனிதர்.

இன்று ட்ரூனில் பிரிட்டிஷ் ஓபன் தொடங்கிவிட்டது. கடைசிக்குழி, எந்தக் குழியைப் பார்க்க வேண்டும்?

கடைசிக்குழி | 18 ஜூலை 2024

எட்டாம் குழி. போஸ்டேஜ் ஸ்டாம்ப் என்று அழைப்பார்கள். 123 கெஜம்தான், பிரிட்டிஷ் ஓபன் நடக்கும் மைதானங்களிலேயே மிகக் குட்டையானது. குழியைச் சுற்றிய வழவழப்பான கிரீன் குறுகலாக இருக்கும், சுற்றிலும் ஆழமான மணல் பள்ளங்கள். காற்று திரும்பினால் உலகின் முன்னணி வீரர்களும் அங்கே ஐந்து, ஆறு என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதே மைதானத்தில் ஆறாம் குழி 623 கெஜம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த ஆட்டத்தின் வீச்சு புரியும்.

கடைசிக்குழி | 22 ஜூலை 2024

முடிந்தது. மூன்று நாள் முடிவில் முன்னால் இருந்தவர் ஹோர்ஷெல். ஒரே ஸ்ட்ரோக் பின்னால் ஆறு பேர், அதில் ஒருவர் சாண்டர் ஷாஃபெலே. கடைசி நாளில் 65 அடித்தார், ஒரு போகிகூட (விதித்ததைவிட ஒரு அடி கூடுதல்) இல்லை. மொத்தம் 9 அண்டர். ரோஸும் ஹோர்ஷெலும் 7. மே மாதம் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பைக் கடைசிக் குழிப் பேர்டியால் வென்றவர், இங்கே கடைசிக் குழிக்கு நிம்மதியாக நடந்து வந்தார். புல்தரை, முன்னிலையைக் காப்பது எப்படி என்று கேட்டால் நேற்றைய பின் ஒன்பது குழிகளைக் காட்டுவேன். முந்திய பிறகு அவர் பதுங்கவில்லை. 13, 14, 16 மூன்றிலும் பேர்டி எடுத்துத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தார்.

இடதுவிங் | 22 ஜூலை 2024

ஸ்பெயின் ஆடின மாதிரியே சொல்றீங்க!

புல்தரை | 22 ஜூலை 2024

அற்புதமான சுற்று, முழுக்கப் பார்த்தேன். ஆனாலும் ஷாஃபெலே கடைசிக் குழிக்கு நிம்மதியாக நடந்தார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டு ஸ்ட்ரோக்கோடு அங்கே வந்தவருக்கு அந்த நடை கிடைத்தது. 40-0இல் நின்ற அல்கராஸுக்கு அது கிடைக்கவில்லை. என் கட்சி மாறவில்லை.

அடுத்தது பாரிஸ். மூன்று ஆட்டமும் ஒரே ஒலிம்பிக்கில். டென்னிஸ் ரோலண்ட் காரோஸ் களிமண்ணில், கோல்ஃப் லெ கோல்ஃப் நேஷனலில். ஆண்கள் ஒற்றையர் இறுதியும் ஆண்கள் கோல்ஃப் கடைசிச் சுற்றும் ஒரே நாள், ஆகஸ்ட் 4. ஒலிம்பிக் டென்னிஸ் மூன்று செட் ஆட்டம்தான், அதனால் இரண்டு செட் இழந்துவிட்டு மீள்வது என்ற பேச்சே இல்லை. முதல் செட்டின் கனம் கூடும். அன்றைக்கு எதை நேரலையில் பார்ப்பது, எதைப் பதிவு செய்து வைப்பது என்று இப்போதே சொல்லுங்கள்.

ராக்கெட்ஒலி | 22 ஜூலை 2024

டென்னிஸ் நேரலை. கோல்ஃபின் கடைசி ஆறு குழிகளுக்கு இரண்டாவது திரை. கால்பந்து இறுதி 9ஆம் தேதிதான், இடதுவிங் அதுவரை எங்களோடு உட்காரலாம்.